914-ஆம் அறை நடிகையின் ஒரு வாரம்

அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். உடுப்புகளின் உள்பக்கம் தைத்திருக்கும் சின்னத் துணிச்சீட்டில் என்னென்ன ஆங்கிலம் உண்டோ அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. எவ்வளவு சூடு, எதை முறுக்கிப் பிழியக் கூடாது, எதை நிழலில் உலர்த்த வேண்டும், எல்லாம் தெரியும். வாயைத் திறந்து பேசச் சொன்னால்தான் சிக்கல். ஹோட்டலின் பெரிய மேலாளர் ஒரு நாள் சலவைக்கூடத்துக்கு இறங்கி வந்து, "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டார். அத்தை பதற்றத்தில், "டூ நாட் ப்ளீச்" என்றாள். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. வயது நாற்பத்து மூன்று. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டாள், தையல்கடையில் பொத்தான் தைத்தாள், பஸ் ஓட்டுகிற மாமாவைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் ஒரு காலத்தில் வருத்தப்பட்டு, வருத்தப்பட்டு முடித்தும்விட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் ஹோட்டல் வேலை. பதினான்கு மாடி ஹோட்டலின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத கூடத்தில், ஸ்டீம் பிரஸ் முன்னால் பதினோரு வருடம். காலால் பெடலை மிதித்தால் மேல் பலகை இறங்கும், புஸ்ஸென்று ஆவி கிளம்பும், அத்தை அதற்குள் மறைந்து மறுபடி தோன்றுவாள். தோன்றும்போதெல்லாம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். எதிரில் ஆள் இருந்தால் ஆளிடம், இல்லாவிட்டால் சட்டையிடம்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை, மாடி வேலை. துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போய், கதவைத் தட்டி, அழுக்குத் துணிப் பையை வாங்கி, எப்போது வேண்டும் என்று கேட்டு, மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. எங்கெங்கிருந்தோ வருகிறவர்களோடு பேச வேண்டும் என்பதால் அதற்கு ஆங்கிலத் தேர்வு உண்டு. நேற்று நடந்தது, தினமும் நடப்பது, இப்போது நடப்பது, நாளை நடக்கப்போவது என்று நான்கையும் கலந்து, தானே தேர்ந்தெடுத்த தலைப்பில் ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசிக் காட்ட வேண்டும்.

"பதினோரு வருஷமா சட்டையத்தான் பாக்குறேன் மருமகளே. ஒரு தடவையாவது அதைப் போட்டிருக்கிற ஆளைப் பாக்கணும்" என்பாள்.

இரண்டு முறை எழுந்து நின்று இரண்டு முறையும் தோற்றிருந்தாள். முதல் தடவை தலைப்பு, 'என் நாள்'. "எந்திரிக்கிறேன், தேய்க்கிறேன், தூங்குறேன். முடிஞ்சு போச்சு. மிச்சம் நாலே முக்கா நிமிஷம் அந்த ஆளும் நானும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டு இருந்தோம்." இரண்டாம் தடவை 'என் வீடு'. அத்தை, "மை ஹவுஸ் டூ ரூம்ஸ். எஸ்டர்டே ஆல்ஸோ டூ ரூம்ஸ். டுமாரோ ஆல்ஸோ டூ ரூம்ஸ்" என்று சொல்லிவிட்டு வணக்கம் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மூன்று முறைதான் அனுமதி. மூன்றாவதிலும் தவறினால் பிரஸ்ஸோடு வாழ்க்கை என்று ஹோட்டல் சட்டம் சொன்னது. வருகிற வெள்ளிக்கிழமை தேர்வு. தலைமை அலுவலகத்திலிருந்து யாரோ ஒரு புது அதிகாரி வந்து எல்லாப் பிரிவுகளையும் சோதிக்கப்போகிறார் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

நான் அப்போது அதே கூடத்தில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்து வேறு வேலை கிடைக்கும்வரை என்று சேர்ந்தது. பைகளைப் பிரித்து, ஒவ்வொரு துணியிலும் அறை எண் எழுதிய சீட்டைக் குத்த வேண்டும். எனக்கு இரண்டு மொழியும் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம் என்பதால் அத்தைக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பும் தானாக என் தலையில் விழுந்தது. பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். அதில் ஏழாம் பாடம் 'பிரபலங்களின் வாழ்க்கை'. ஒரு பாடகி காலையில் எழுகிறாள், பல் தேய்க்கிறாள், பாடுகிறாள், ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடுகிறாள்.

அத்தை இரண்டு வரி வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். "இவளுக்கு ஒரு சட்டை கசங்குமா? ஒரு டம்ளர் கவுழுமா? இவளைப் பத்தி அஞ்சு நிமிஷம் எப்படிடி பேசறது?"

அன்று திங்கட்கிழமை. அன்று காலையில்தான் 914-ஆம் அறையின் பை வந்தது.

அந்த வாரம் ஹோட்டலில் ஒரு நடிகை தங்கியிருந்தாள். எந்த அறை என்பது மட்டும் பரம ரகசியம். லிஃப்ட்காரருக்குத் தெரியாது, வரவேற்பில் இருப்பவர்கள் தெரியாத மாதிரி நடித்தார்கள். ஆனால் சலவைக்கூடத்துக்குத் தெரியாமல் யாரும் ஒரு ஹோட்டலில் ஒளிந்திருக்க முடியாது என்பது எங்கள் நம்பிக்கை. நான் பையைக் கவிழ்த்தேன். மேசையில் மலைபோல விழுந்தது. எண்ணினேன். பதினேழு உடுப்புகள். எல்லாவற்றிலும் 'தேய்க்க மட்டும்' என்று குறித்திருந்தது.

"டாக்டரைக் கூப்பிடு" என்றாள் அத்தை.

டாக்டர் என்பது கறை எடுக்கிறவரின் பட்டப்பெயர். சட்டையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மோந்து பார்த்து, நோயாளியிடம் விசாரிப்பதுபோல ஹூம் ஹூம் என்பார். பதினேழையும் பரிசோதித்தார்.

"வேர்வை இல்ல. கழுத்துல கொஞ்சம் பவுடர். இடுப்புல மட்டும் மடிப்பு. அக்கா, இது போட்ட துணி இல்ல. போட்டுப் பாத்த துணி. ஒவ்வொண்ணும் பத்து நிமிஷம்."

"பதினேழுமா?"

"பதினேழும்."

"மனுஷங்க ஒரு நாளைக்கு ஒரு சட்டை போடுவாங்க. இப்படி மாத்திக்கிட்டே இருக்கிறது கடைப் பொம்மையும் நடிகையும்தான். பொம்மை ரூம் எடுத்துத் தங்காது" என்றாள் அத்தை.

அவ்வளவுதான். தீர்ப்பாகிவிட்டது. கூடத்தில் இருந்த ஒன்பது பேரும் கை வேலையைப் போட்டுவிட்டு வந்து அந்தத் துணிகளை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். சந்தேகப்படுவது என் சுபாவம். ஆனால் அன்று நானும் தொட்டேன்.

பாடம் அங்கேயே ஆரம்பமாயிற்று. அதை ஆரம்பித்தது அத்தை. மேசையைக் காட்டினாள். "இங்க கிடக்கிறதெல்லாம் நேத்து. நடந்து முடிஞ்சது." பிரஸ்ஸைத் தட்டினாள். "இது இப்ப. நடந்துக்கிட்டிருக்கு." தேய்த்த துணி தொங்குகிற கம்பியைக் காட்டினாள். "அது நாளைக்கு. போட்டுக்கப் போறா. சரியா மருமகளே? இப்பச் சொல்லிக் குடு."

எந்த இலக்கணப் புத்தகத்திலும் நான் இத்தனை தெளிவாகப் பார்த்ததில்லை. மேசையிலிருந்து ஒரு பச்சை உடுப்பை எடுத்து, அவள் இதை நேற்று அணிந்தாள் என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். அத்தை திருப்பிச் சொன்னாள். பிரஸ்ஸில் விரித்து, பெடலை மிதித்து, "ஐ ஆம் ப்ரெஸ்ஸிங் ஹெர் ட்ரெஸ்!" என்று ஆவிக்குள்ளிருந்து கத்தினாள். கம்பியில் மாட்டிவிட்டு, "ஷீ வில் வேர் டுமாரோ!" என்று கையைத் தட்டினாள். பிறகு அடுத்த உடுப்பு. பதினேழு முறை. மதியத்துக்குள் கூடம் முழுக்க அந்த மூன்று வாக்கியத்தில் பேச ஆரம்பித்துவிட்டது. உலர்த்தி இயந்திரம் ஓட்டுகிறவர், "ஐ வில் ஈட்" என்று அறிவித்துவிட்டுச் சாப்பிடப் போனார். "ஐ ஏட்" என்று திரும்பி வந்தார்.

சுவரில் ஒரு பலகை தொங்கியது. விருந்தினர்களின் துணியைப் பற்றி எங்கும் எவரிடமும் பேசக் கூடாது என்று இரண்டு மொழியிலும் எழுதியிருந்தது. நாங்கள் வெளியே பேசவில்லையே, பாடம்தானே படிக்கிறோம் என்று சமாதானம் செய்துகொண்டோம்.

செவ்வாய்க்கிழமை பையில் பன்னிரண்டு உடுப்புகள். ஒரு வெள்ளைச் சட்டையின் இடது கையில் நீளமாகக் காஃபி. கூடம் ஆரவாரமிட்டது. இப்போது ஒரு சம்பவம் கிடைத்துவிட்டதல்லவா? "அவ காஃபி குடிச்சுக்கிட்டிருந்தப்ப போன் அடிச்சுது" என்றாள் அத்தை. அதை எப்படிச் சொல்வது என்று காட்டினேன். அடித்தது யார் என்பதில் தகராறு வந்தது. டாக்டர், தயாரிப்பாளர் என்றார். உலர்த்திக்காரர், காதலன் என்றார். அத்தை, "அம்மாவா இருக்கும். அம்மாதான் நேரங்காலம் பாக்காம அடிப்பாங்க" என்றாள்.

முடிந்ததுபோலவும் முடியாததுபோலவும் இருக்கிற அந்த ஆங்கிலக் காலம் ஒன்று உண்டே, 'ஹாஸ்' போட்டு வருவது, அதை நான் மூன்று விதமாக விளக்கியும் அத்தைக்குப் பிடிபடவில்லை. டாக்டர்தான் குறுக்கே வந்தார்.

"அக்கா, இது எங்க டிப்பார்ட்மென்ட். கறை போயிடுச்சுன்னா, ஷீ ஸ்பில்ட் காஃபி. கறை இன்னும் இருக்குன்னா, ஷீ ஹாஸ் ஸ்பில்ட் காஃபி."

"அட, அவ்வளவுதானா! இதுக்கா இந்தப் பொண்ணு ரெண்டு நாளா மூச்சு வாங்கினா?"

நான் என் பட்டப்படிப்பை நினைத்துக்கொண்டு அடுத்த சீட்டை எழுதினேன்.

வேலை முடிந்து வீடு திரும்புவது மாமா ஓட்டுகிற பஸ்ஸில். அத்தை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமாவின் காதருகில் பாடம் ஒப்பிப்பாள். மாமாவுக்கு நடிகை என்றதும் ஆங்கிலம் தானாக வந்தது.

"இன்னிக்கு என்ன பண்ணா?"

"காஃபி கொட்டிக்கிட்டா."

"சுட்டுருக்குமே! இங்கிலீஷ்ல சொல்லு."

சொன்னாள். சிக்னலில் நின்றிருந்த பஸ்ஸில் முன்வரிசைப் பயணி ஒருவர் குனிந்து, "எந்த நடிகைங்க?" என்று கேட்டார். மாமா, "பேரு சொல்லக் கூடாதுங்க, ஹோட்டல் ரகசியம்" என்று பெருமையோடு சொல்லி, அடுத்த நிறுத்தத்தில், "த பஸ் வில் ஸ்டாப்!" என்று அறிவித்து நிறுத்தினார். இரண்டு பேர் கைதட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

புதன்கிழமை பையைத் திறந்தபோது கூடமே சுற்றி நின்றது. உடுப்புகளுக்கு அடியில் ஒரு தலையணை உறை சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. படுக்கைத் துணிகள் தனியாகத்தான் வரும். இதை யாரோ பார்க்கக் கூடாது என்று மறைத்து அனுப்பியிருக்கிறாள். விரித்தேன். கண் மை. இரண்டு வட்டமாக, வால் முளைத்து வழிந்திருந்தது.

"ஷீ க்ரைட்" என்றாள் அத்தை மெதுவாக. யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த முதல் வாக்கியம் அது.

டாக்டர் உறையை வாங்கித் தன் மேசைக்கு எடுத்துப் போனார். அரை மணி நேரம் கழித்து வெள்ளைவெளேரென்று திருப்பிக் கொடுத்தார். "இப்ப வெறும் க்ரைட்தான் அக்கா. ஹாஸ் இல்ல."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் மாமா நிலைகொள்ளாமல் தவித்தார். "இவ்வளவு புகழ் இருந்தும் எதுக்கு அழுதாளாம்?"

"தனியா இருக்கா. தினம் ஆறு மணிக்கே பை கீழ வந்துடுது. அப்ப எத்தனை மணிக்கு எந்திரிக்கிறா பாருங்க. பயப்படுறா. பயந்தாத்தான் ஒரு ஆளு பதினேழு சட்டை மாத்தும்."

"பாவம்டி. நீ நல்லாத் தேய்ச்சுக் குடு."

வியாழக்கிழமை வந்தது ஒரே ஒரு சாம்பல் நிறக் கோட்டு. இரண்டாவது பொத்தான் ஒற்றை நூலில் தொங்கியது. யாரும் கேட்காமலேயே அத்தை அதைத் தைத்தாள். சாம்பல் நூல் இல்லை. நீல நூலில் தைத்துவிட்டு, "தெரியுதாடி?" என்று பத்து முறை கேட்டாள். கோட்டுப் பையில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. பையில் எது கிடந்தாலும் படிக்காமல் உறையில் போட்டு ஒட்ட வேண்டும் என்பது விதி. பிரஸ் ஆவியில் காகிதம் ஈரமாகியிருந்ததால் விரித்துக் காயவைத்தேன். விரித்ததைப் பார்க்காமல் இருப்பது எப்படி என்று விதியில் இல்லை. 'குட் ஆஃப்டர்நூன், எவ்ரிபடி. ஐ ஆம் ஸோ ஹேப்பி டு பி ஹியர்' என்று ஒரே வரி ஆறு முறை எழுதியிருந்தது. ஒவ்வொரு முறையும் வேறொரு சொல்லின் கீழே கோடு.

"டயலாக்!" என்றார் டாக்டர்.

அன்று முழுக்க ஒன்பது பேரும் அந்த வசனத்தை ஆறு விதமாகப் பேசிப் பார்த்தோம். உலர்த்திக்காரர் 'ஹேப்பி'யில் கண் கலங்கினார். நான்கூடச் சொன்னேன், முணுமுணுப்பாக.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தேர்வு. ஊழியர்களின் உணவுக்கூடத்தில் பாதியைத் திரை போட்டு மறைத்து, அந்தப் பக்கம் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் டீ. சலவைக்கூடத்தில் அத்தனை பேருக்கும் அன்றைக்கென்று சரியாக நான்கு மணிக்கு டீ குடிக்க வேண்டியிருந்தது. டீ ஊற்றுகிறவர் விஷயம் கேள்விப்பட்டு அடுப்பைத் தணித்துவிட்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார். துவைத்துத் தேய்த்த சீருடையில் அத்தை திரைக்கு அப்பால் போனாள். போவதற்கு முன் என் கையைப் பிடித்தாள். பதினோரு வருட ஆவியில் வெந்த கை, அன்று ஜில்லென்று இருந்தது.

"இதுலயும் போச்சுன்னா?"

"போகாது அத்தை. நீ நடிகையைப் பத்திப் பேசு. அவளை உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

திரைக்கு அப்பால் நாற்காலி நகர்ந்தது. ஓர் இளம் பெண்ணின் குரல், சற்று நடுக்கத்தோடு, 'ஹேப்பி'யை மட்டும் அழுத்திச் சொன்னது: "குட் ஆஃப்டர்நூன். ஐ ஆம் ஸோ ஹேப்பி டு பி ஹியர்."

என் கையில் இருந்த டீ என் மடியில் கொட்டியது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். உலர்த்திக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். 914-இல் இருப்பது நடிகை இல்லை. எழுந்து ஓடிப்போய் அத்தையைத் தடுக்கலாமா? என்ன சொல்லித் தடுப்பது? அதற்குள் அவள் தலைப்பைச் சொல்லிவிட்டாள், பிரபலங்களின் வாழ்க்கை என்று. பயத்தில் அந்த முதல் வரி அவள் காதில் ஏறவே இல்லை.

பிறகு அத்தை பேசினாள். ஐயோ, எப்படிப் பேசினாள்! தடுக்கி விழும் இடங்களில் எல்லாம் விழுந்து, எழுந்து, ஓடினாள். ஒரு நடிகை இருக்கிறாள், பெரிய ஹோட்டலில் தங்கியிருக்கிறாள். தினமும் விடிவதற்குள் எழுகிறாள். திங்கட்கிழமை பதினேழு உடுப்பு மாற்றினாள், பத்து பத்து நிமிடம். செவ்வாய்க்கிழமை காஃபி குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தார்கள், இடது கையில் கொட்டியது. அன்று இரவு அழுதாள். தலையணை உறையை யாரும் பார்க்கக் கூடாதென்று ஒளித்து வைத்தாள். வசனத்தை ஆறு விதமாகப் பேசிப் பழகியிருக்கிறாள், இன்னும் பழகிக்கொண்டிருக்கிறாள். நேற்றைய காலம், இன்றைய காலம், டாக்டரின் 'ஹாஸ்', ஒன்று விடாமல் வந்து விழுந்தன. திரைக்கு அப்பால் பேனா கிறுக்கும் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

"அண்ட் நவ்" என்றாள் அத்தை உற்சாகமாக, "நவ் ஷீ இஸ் வேரிங் எ க்ரே கோட். செகண்ட் பட்டன், ப்ளூ த்ரெட். ஐ..."

நின்றுவிட்டாள்.

நாங்கள் ஒன்பது பேரும் டீ ஊற்றுகிறவரும் மூச்சை நிறுத்தினோம். அத்தை என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று திரையில்லாமலேயே எங்களுக்குத் தெரிந்தது. இரண்டடி தூரத்தில், மேசைக்கு எதிரே, நீல நூலில் தைத்த பொத்தான்.

"ஐ ஸ்டிச்ட்" என்றாள் அத்தை. குரல் இறங்கியிருந்தது. ஆனால் நிற்கவில்லை. நாளைய காலம் பாக்கி இருந்ததே! "டுமாரோ... டுமாரோ ஷீ வில் நாட் க்ரை. ஷீ வில் வேர் ஒன் ட்ரெஸ். ஒன்லி ஒன். பீப்பிள் வில் நாட் ஸீ த பட்டன். பீப்பிள் வில் ஸீ ஹெர் ஃபேஸ். குட் ஃபேஸ்." ஒரு மூச்சு. "ஃபினிஷ்ட், மேடம்."

அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. அழுகையா, சிரிப்பா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அந்த இளம் அதிகாரிக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். பிறகு தமிழில் கேட்டாள்.

"இதையெல்லாம் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கீங்க?"

"எங்க கூடத்துல ஒன்பது பேருங்க மேடம். அப்புறம் எங்க வீட்டுக்காரர்."

"அவ்வளவுதானா?"

"அவர் பஸ் ஓட்டுறாரு மேடம். பஸ்ஸுல எத்தனை பேருன்னு தெரியாது."

திரை சர்ரென்று விலகியது. சாம்பல் கோட்டுக்காரி நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது, மூக்கு சிவந்திருந்தது. எதிரே பத்து டீ டம்ளர்கள் பத்து உதடுகளுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றன.

"இவ்வளவு பேருமா?" என்றாள்.

டாக்டர் மட்டும் எழுந்து, மரியாதையாக, "காஃபி சுத்தமாப் போயிடுச்சு மேடம். ஒரு துளி இல்ல" என்றார்.

முதலில் சிரித்தது அவள்தான். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கோட்டுப் பொத்தான் தெறித்துவிடுமோ என்று தோன்றும்படி சிரித்தாள். அப்புறம் கூடம் முழுக்கப் பற்றிக்கொண்டது. அத்தை மட்டும் சிரிக்காமல், தன் விதி என்ன ஆனது என்று தெரியாமல், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னைத் தனியா அனுப்பினது இதுதான் முதல் தடவை" என்றாள் அதிகாரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்கு மேனேஜருங்க அத்தனை பேரு முன்னாடியும் பேசணும். எந்தச் சட்டையில நின்னாலும் சின்னப் பொண்ணு மாதிரியே தெரியுது. போன் பண்ணது அம்மாதான். அது எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"நேரங்காலம் பாக்காம வேற யாரு மேடம் அடிப்பாங்க?"

"நடிகைதான் செவ்வாய்க்கிழமையே கிளம்பிட்டாங்களே. அவங்களுக்குத் துணி துவைக்கவே தனியா நாலு பேரு."

இது கூடத்துக்குப் பேரிடியாக இருந்தது. உலர்த்திக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி தாளை எடுத்தாள். முகம் மாறியது. "இங்கிலீஷுக்கு முழு மார்க் போட்டாச்சு. ஆனா மாடிக்குப் போறவங்களுக்கு இன்னொரு கட்டம் இருக்கு. ரகசியம் காக்கறது. இதுல என்ன போடட்டும், நீங்களே சொல்லுங்க."

அத்தை எழுந்து நின்றாள். பொய் சொல்லியிருக்கலாம், கெஞ்சியிருக்கலாம். "முட்டை போடுங்க மேடம்" என்றாள். "பேசினது பேசினதுதான். கீழ ஜன்னல் கிடையாது. துணிதான் எங்களுக்கு ஜன்னல். அதுல ஆளு முகம் தெரியாது. அதனால நடிகைன்னு நெனச்சு கதை அளந்துட்டோம். உங்க முகத்தப் பாத்திருந்தா ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். இனிமே பேசவும் மாட்டேன். அதுக்கு மார்க் வேண்டாம்."

அதிகாரி பேனாவை எடுத்தாள். பிறகு ஏதோ எழுதி, எங்களுக்குக் கேட்கும்படி வாசித்தாள். மூன்று மாதம் சோதனை முறையில் மாடி வேலை. விருந்தினர் பற்றி ஒரே ஒரு சொல் வெளியே வந்தாலும், பஸ்ஸுக்குள் வந்தாலும், மீண்டும் பிரஸ். 'பஸ்' என்பதன் கீழே அவள் கோடு போட்டிருந்தாள்.

அத்தை கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்க மறந்து அப்படியே என் பக்கம் திரும்பி, "மருமகளே!" என்று கத்தினாள். டீ ஊற்றுகிறவர் எல்லோருக்கும் இரண்டாம் டீயை இனாமாக ஊற்றினார்.

திங்கட்கிழமை அவள் மாடிக்குப் போனாள். நான் லிஃப்ட் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். லிஃப்ட் கதவு மூடும்போது அவள் வாய் ஏதோ ஓர் ஆங்கிலக் காலத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மதியம் பைகளோடு இறங்கி வந்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கண்ணில் ஆயிரம் கதை. கூடம் சூழ்ந்துகொண்டது.

"யாரு, என்ன, எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க" என்றாள்.

"அக்கா, ஒரே ஒரு ரூம்! நம்பரைச் சொல்ல வேண்டாம்."

அத்தை உதட்டை மடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். தோள்கள் குலுங்கின. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு மூலைக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்று சிரித்துவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் மாமா நான்கு நிறுத்தம் பொறுத்துப் பார்த்தார். ஐந்தாவது நிறுத்தத்தில் கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டார். "ஏண்டி, உன்னைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் ஆச்சு. எங்கிட்டயும் சொல்ல மாட்டியா? நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

முன்வரிசைப் பயணிகள் நாலு பேர் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார்கள்.

"நாட் டுடே" என்றாள் அத்தை. "நாட் டுமாரோ."

"அப்ப எப்பதான்?"

அவள் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து, கண்ணில் நீராக வழிந்தது. பக்கத்தில் இருந்தவருக்கும் ஏனென்று தெரியாமல் சிரிப்பு வந்தது. மாமா கோபமாக கியரை மாற்றினார். அதைப் பார்த்து அவள் இன்னும் சிரித்தாள். வீடு வந்து, கைகால் கழுவி, சாப்பிட உட்கார்ந்து, முதல் கவளத்தை வாயில் வைத்ததும் மறுபடி ஏதோ நினைவு வந்து புரையேறியது. மாமா அவள் தலையில் தட்டிக்கொண்டே தண்ணீர் டம்ளரை நீட்டினார். நீட்டியவர், பாதி வழியில் நிறுத்தி, "என்னன்னு சொல்லு, தரேன்" என்றார்.

அத்தை இருமிக்கொண்டே எழுந்து, தானே போய்த் தண்ணீர் மொண்டு குடித்தாள். சொல்லவில்லை.